ஒரு சைஸ் பெரிய ஷூ

லீவு படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'மலை ஏற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனியில் என் லைனில் எனக்கு அடுத்து நின்று வேலை செய்கிறவள் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது? தாத்தா செத்துட்டாருன்னு எழுது. உடனே குடுத்துருவாங்க."

"எங்க தாத்தா எப்பவோ போய்ட்டாரு. அவர இன்னொரு தடவ சாவடிக்க மாட்டேன்."

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. வடக்குப்பட்டில் வீடு, ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்கிற கம்பெனியில் வேலை. பன்னிரண்டு வருடமாக ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறேன். இமயமலையில் எட்டு நாள் நடைப்பயணம் ஒன்றில் பெயர் கொடுத்திருந்தேன். வீட்டுக்காரர், "திருப்பதி மலை ஏறினது பத்தலியா?" என்றார்.

"அது உங்க வேண்டுதலுக்கு ஏறினது. இது எனக்கு."

ஷூ வாங்க வேண்டும் என்று முடிவானதும், விடுமுறை நாளில் போகாமல், முதல் ஷிப்ட் முடிந்த கையோடு சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினேன். நாளெல்லாம் நின்றால் பாதம் எவ்வளவு வீங்கும் என்று எனக்குத் தெரியும். மலையிலும் அப்படித்தானே வீங்கும். தடித்த சாக்ஸையும் கையோடு எடுத்துப் போனேன். சென்னைக் கடையில் இருந்தவர் ரோஜா நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார்.

"லேடீஸ்க்கு இது போதும் மேடம். பார்க்ல நடக்க சூப்பரா இருக்கும்."

"நான் பார்க்குக்குப் போகல. ஆம்பளைங்களுக்கு வெச்சிருக்கீங்களே, அத எடுங்க."

அங்கே ஷூவைப் போட்டு நடந்து பார்க்கச் சரிவாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதில் இறங்கிப் பார்த்தபோது கட்டைவிரல் முன்னால் போய் இடித்தது. அடுத்த சைஸ் கேட்டேன். "லூசா இருக்கும் மேடம்" என்றார். இரண்டையும் மாறி மாறிப் போட்டு ஏழெட்டு முறை ஏறி இறங்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு சைஸ் பெரியதைத்தான் வாங்கினேன்.

எங்கள் பக்கம் மலை ஏது? ரயில் நிலையத்துப் படிக்கட்டுதான் எனக்கு மலை. வார விடுமுறையில் விடிந்ததும் முதுகுப் பையில் ஒன்பது கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு முப்பது தடவை ஏறி இறங்குவேன். பிறகு ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக நடந்தே வீடு. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"ஏறு யக்கா, வுட்டுர்றேன். பையில இன்னா கீது?"

"அரிசிண்ணே. நடக்கத்தான் வந்தேன்."

"அரிசிய தூக்கினு சும்மா நடக்கறியா?" உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு அதே சாலையில்தான் நடந்தேன்.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். படிவம் அவர் மேஜையில் கிடந்தது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா?"

"சார், பன்னெண்டு வருஷமா நிக்கறதுக்கு என் வயசு ஒத்துக்கிச்சு. நடக்க மட்டும் ஒத்துக்காதா?"

அவர் பேனாவை எடுத்தார். கேட்டதில் பாதி நாட்களுக்குத்தான் லீவு தந்தார். மீதி நாட்களுக்குச் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மலையில் நான்காம் நாள் ஆலங்கட்டி மழை. குழுவை அழைத்துப் போனவர் என்னிடம் மட்டும் வந்து, பையைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிவிடலாம் என்றார். கூட்டத்தில் நான்தான் மூத்தவள். பின்னால் இரண்டு இளைஞர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். லைனில் வடநாட்டுப் பெண்களோடு பேசிப் பழகிய இந்தியில், "முதலில் அவர்களைக் கேளுங்கள்" என்றேன்.

கணவாயைத் தாண்டி இறங்கும்போது இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. அந்த இளைஞர்கள்கூட என்னைக் கடந்து போனார்கள். கூடாரத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது நான்தான். பையை நானே இறக்கி வைத்தேன். குழுவை அழைத்துப் போனவர் டீயை நீட்டினார். குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டேன்.