உத்தரத்துக்காரி

அவளை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அரங்கத்துக் கூரையின் இரும்பு உத்தரங்களில் ஏறி, பெரிய ஸ்பீக்கர்களைத் தொங்கவிடும் சங்கிலிகளை மாட்டுவது அவள் வேலை. இடுப்பில் பெல்ட், அதிலிருந்து உத்தரத்துக்கு ஒரு கயிறு, தோளில் வாக்கிடாக்கி. கீழே மோட்டாரை இயக்கி ஸ்பீக்கர்களை மேலேற்றுபவர், அவளுக்குக் கணவராக இருந்தவர்.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. வீட்டில் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை இருவரும் ஒரே வேனில்தான் வேலைக்கு வந்தார்கள். ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

வேலையில் பேசாமல் இருக்க முடியாதே!

"கீழே, இடது பக்கம் ஏத்தலாம்."

"ஏத்தியாச்சு."

"போதும்."

'நீங்க'வும் இல்லாமல் 'நீ'யும் இல்லாமல், 'மேலே', 'கீழே' என்றே கூப்பிட்டுப் பேச இருவரும் பழகிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பேச்சை விட்டால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. விடுமுறை நாட்களில், கடையில் பால் கேட்கும்போதுதான் அவள் குரலே அவளுக்குக் கேட்கும்.

அன்று ஒரு நாடக அரங்கில் வேலை. ஸ்பீக்கர் வரிசை மேலே வந்துகொண்டிருந்தபோது, அதன் சட்டத்தின் ஓரம் விளக்குகள் தொங்கும் இரும்புக் குழாய்க்கு அடியில் போய்ச் சிக்கியது. நடுவில் திரை மறைத்ததால் கீழே இருப்பவருக்கு அது தெரியாது. மோட்டார் விடாமல் இழுத்தது. சங்கிலி விறைத்து முனகியது.

"ஏங்க, நிறுத்துங்க!"

மோட்டார் அடங்கியது.

"நிறுத்திட்டேன்மா. சொல்லு, என்ன ஆச்சு?"

குழுவில் எல்லோருடைய வாக்கிடாக்கியிலும் அது கேட்டது. விளக்குக்காரர், இல்லாத வயரைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

"குழாயில மாட்டிக்கிச்சு. கொஞ்சம் இறக்கணும்."

அவர் மெதுவாக இறக்கினார். ஸ்பீக்கர்கள் தரையைத் தொட்ட பிறகு அவளும் இறங்கி வந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"காலையில சாப்பிட்டாச்சா?"

"சாப்பிடல."

"ஏன்?"

தன் ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்க மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். "நேரமாயிடுச்சு" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சங்கிலியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவள் மறுபடி ஏறிக் குழாயை ஒதுக்கிக் கட்டியதும், "மேலே, ஏத்தலாமா?" என்று பழையபடி கேட்டார்.

"ஏத்தலாம்."

அடுத்த வாரம் வேனில் அவருடைய இடம் காலியாக இருந்தது. வேறு ஊரில், வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம்.

"எப்பவோ முடிவான விஷயம். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியும்" என்றாள் அவள்.

மோட்டாருக்கு வந்த புது ஆள் நல்ல வேலைக்காரர், வாயும் ஓயாது. முதல் நாளே அக்கா என்று உறவு கொண்டாடினார். மதியம் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, இறங்கி வாங்க, சாப்பிடலாம்."

"நீங்க சாப்பிடுங்க. நான் எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டு வரேன்."

பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. எல்லோரும் சாப்பிடப் போய் அரங்கம் வெறிச்சோடும்வரை, அவள் உத்தரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.