என் முகத்தை டிவியிலிருந்து எடுக்கப் போன வழி: பரங்கிப்பேட்டை, சிதம்பரம், கடலூர்

இந்தப் பயணத்தை யாரும் ஆசைப்பட்டுப் போக மாட்டார்கள். ஆனாலும் போக வேண்டியவர்கள் சிலர் இருப்பீர்கள், உங்களுக்காக வழியையும் பஸ்ஸையும் எழுதி வைக்கிறேன். நான் போனது 2008 ரமலானில், செப்டம்பர் வெயிலில், நோன்போடு. பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிட்டு அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று மார்க்கத்தில் சலுகை உண்டு. எங்கள் பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் என்ன, முப்பத்தைந்து கிலோமீட்டர். சலுகைக்குத் தேறாத தூரம். அலைச்சல் மட்டும் அசல் அலைச்சல்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வருடம் நோன்புப் பெருநாள் அன்று எங்கள் பள்ளிவாசல் வெளியில் ஒரு டிவிக்காரர் படம் எடுத்தார். தொழுகை முடிந்து கையேந்தி நின்றேன், கண்ணில் தண்ணீர். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் கடையில் நின்றுவிட்டு, இனிமேல் போவதில்லை என்று ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் பெருநாள் அது. இன்னொரு தடவை பெட்டி கட்ட வைக்காதே ரப்பே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை செய்தியில் நான் வந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டார்கள். என் மனைவி பக்கத்து வீடுகளுக்குச் சேமியா கொடுத்து அனுப்பினாள்.

அத்தோடு விட்டார்களா? வடக்கே ஒரு நகரத்தில் குண்டு வெடித்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பின்னால், கண்ணை மூடிக் கையேந்தி, நான். எங்கேயோ யாரையோ பிடித்தார்கள், அதற்கும் நான். பக்கத்து நாட்டில் தேர்தல் நடந்தால் நான், இட ஒதுக்கீடு பற்றிப் பேசினால் நான். ஷார்ஜாவில் அரபிகள் என்னை ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன், என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு ஹிந்தியில் உருப்படியாக ஒரு வாக்கியம் வராது. ஊருக்கு வந்து பார்த்தால் துனியாவில் உள்ள அத்தனை முஸ்லிமுக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தான் மூஞ்சியாக இருக்கிறேன். முதலில் சிரிப்பாக வந்தது. அப்புறம் எரிச்சல். கடைசியில் சலித்துப் போய்விட்டது.

சலிப்போடு இருந்திருந்தால் பயணமே கிடையாது. அண்ணாமலை நகர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை பேசி வைத்திருந்தேன். செல்போன் விற்பது, ரிப்பேர், ரீசார்ஜ். எங்கள் ஊரில் ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார், போன் தானாக வந்துவிடுகிறது, யாரிடம் விற்பது? சிதம்பரத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள். ரிப்பேர் பார்க்க என் மனைவியின் தம்பி இலியாஸ் தயாராக இருந்தான். அந்தக் கடை அமைந்தால் நான் ஊரில் இருப்பேன், மனைவியோடும் ஆறு வயது மகள் நஸ்ரினோடும். அமையாவிட்டால் மறுபடி விசாதான். இந்த நேரத்தில் கடைச் சொந்தக்காரரிடமிருந்து போன் வந்தது, நேரில் வந்துவிட்டுப் போங்கள் என்று.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பஸ், இலியாஸும் கூட வந்தான். ரயில் கிடையாது, அகலப் பாதை வேலைக்காக அப்போது தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். முட்லூர் வழியாகச் சிதம்பரம் முக்கால் மணி நேரம், டிக்கெட் எட்டு ரூபாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஆளுக்கு ஐந்து ரூபாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பாய், ஒங்கள எங்கியோ பாத்திருக்கேனே. சினிமா கினிமால நடிச்சீங்களா?"

"நியூஸ்ல ஜாஸ்தி வருவாரு" என்றான் இலியாஸ். தொடையில் கிள்ளினேன்.

கடைக்குச் சொந்தக்காரர் ராஜேந்திரன், தங்கமான மனிதர். நோன்பு என்று தெரியாமல் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, தெரிந்ததும் அவரும் குடிக்கவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க பாய். ஒங்க மேல எனக்கு ஒரு டவுட்டும் கெடையாது. வீட்ல அவுங்க நியூஸ் பாக்குறப்பல்லாம் ஒங்க படம் வருது. இவருக்கா கடைய உடப் போறீங்கன்னு கேக்குறாங்க. நா இன்னான்னு சொல்றது?"

"அது பெருநாள் தொழுகையில எடுத்த படங்க. நா சும்மா நின்னுட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியுது. பாக்குறவனுக்குத் தெரியலியே. அந்தப் படத்த நிறுத்தச் சொல்லுங்க, திங்கக்கெழம வந்து சாவி வாங்கிக்குங்க."

அவரிடம் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காததுதான் இந்தப் பயணத்தில் பெரிய கஷ்டம்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் என்பார்கள். ஓ.டி. என்கிற கடலூர் முதுநகர் நெரிசலில் மாட்டினால் ஒன்றரை. வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் அப்படியே முகத்தில் அடிக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கெடிலம் பாலம் தாண்டி நடந்தால் மஞ்சக்குப்பம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மரத்தடியில் நிருபர்கள் நிற்பார்கள். பதினோரு மணி வாக்கில் போனால் பிடிக்கலாம், மதியத்துக்கு மேல் கலைந்துவிடுவார்கள். என்னைப் படம் எடுத்த செல்வம் அங்கேதான் இருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாமல் இருக்குமா பின்னே!

"அது என் கையில இல்ல பாய். நா எடுத்து அனுப்புனா அதோட சரி. சென்னையில எல்லாப் படமும் சேத்து வெச்சிருக்காங்க. முஸ்லிம்னு தேடுனா ஒங்க படந்தான் மொதல்ல வரும். அவசரத்துல அதத் தூக்கிப் போட்டுடுறாங்க."

"அழிச்சிடச் சொல்லுங்க."

"சும்மா அழிக்க மாட்டாங்க. பதிலுக்கு ஒண்ணு குடுத்தா பழசத் தூக்கிடுவாங்க. இதே மாரி கையேந்திக்கிட்டு, தாடியோட, கொஞ்சம் உருக்கமா. வெள்ளிக்கெழம ஒங்க ஊருக்கு நோன்புக் கஞ்சி பத்தி எடுக்க வர்றேன். ஆள நீங்களே காட்டுங்க, மிச்சத்த நா பாத்துக்கிறேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கிப்போனேன். நோன்பு திறக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது வீடு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. பள்ளிக்கு எதிரே செல்வம் கேமராவோடு, பக்கத்தில் நான். "யாரு பாய்?" என்றார். முதலில் வந்தவருக்கு வெள்ளைத் தாடி, டிவிக்கென்றே வளர்த்த மாதிரி. அவர் மகன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறான். அடுத்தவர் மீன் வியாபாரி, தினமும் கிள்ளை வரைக்கும் போய் வருகிறவர், வழியில் யாராவது உற்றுப் பார்த்தால் அந்த வியாபாரம் என்ன ஆகும்? அதற்கடுத்தவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தையில் கோழி பொறுக்குகிற மாதிரி நின்று ஆளைப் பொறுக்குகிறேன். எல்லாரும் எனக்கு சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது, என் மேலேயே.

அப்போது இலியாஸ் வந்து முன்னால் நின்றான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். ஒரு மாதத்துத் தாடி, அதைக் கையால் நீவிவிட்டான்.

"நா நிக்கிறேன் மச்சான். எனக்கு கடையா, குடும்பமா? கையத் தூக்குனா போதுமாங்க?" என்று செல்வத்தைக் கேட்டான்.

"கண்ண மூடிக்குங்க தம்பி" என்றார் செல்வம்.

அவன் மூடிக்கொண்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயசு. அவனுக்கு இனிமேல்தான் கடை, இனிமேல்தான் குடும்பம். வீடு வாடகைக்குக் கேட்க, பொண்ணு கேட்க, பாஸ்போர்ட் எடுக்க இந்த மூஞ்சியோடுதானே போக வேண்டும்? நான் கேமராவைக் கையால் மறைத்தேன்.

"வேணாங்க. என்னுதே இருக்கட்டும்."

"மச்சான், கடை…"

"வாய மூடிட்டு வீட்டுக்குப் போடா."

செல்வம் கேமராவை இறக்கினார். பிறகு கஞ்சி காய்ச்சும் அண்டாவைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலையே ராஜேந்திரனுக்குப் போன் பண்ணி, படம் நிற்காது, வேறு ஆளுக்குக் கடையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "மனசு கஷ்டமா இருக்கு பாய்" என்றார். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். செவ்வாய், புதன் நல்லது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் கூட்டம் தாங்காது. கூட ஒருத்தரை அழைத்துப் போங்கள், தனியாகப் போனால் பேசிப் பேசி ஓய்ந்துவிடுவீர்கள். தாடியை எடுத்துவிட்டுப் போகலாமா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். எடுக்கலாம், ஆனால் டிவியில் இருக்கிற தாடியை எந்த சலூனிலும் எடுக்க முடியாது. பதிலுக்கு ஆள் கேட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் பாடு.

அப்புறம் அங்கிருந்து திருச்சி போவதாக இருந்தால், சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். நான் நவம்பரில் அப்படித்தான் போனேன். இதை எழுதுவது ஷார்ஜாவில், ஆறு பேர் தங்கும் அறையில். வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு போன் போடுவேன். போன வாரம் நஸ்ரின்தான் எடுத்தாள்.

"வாப்பா, நேத்து நீங்க டிவில வந்தீங்க. உம்மா அழுதாங்க. நா கிட்ட போயி முத்தம் குடுத்தேன். திருப்பி எப்ப வருவீங்க?"

"ஊருக்காம்மா?"

"இல்ல வாப்பா, டிவிக்கு."