பாலில் போன ஆன்டிபாடி

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் ஆராய்ச்சி மாணவிக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். கல்லூரிக்கு வரும் விருந்தாளிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவது. தேர்வு நடத்த வரும் எந்தப் பேராசிரியருக்கும் அருவியில் குளிக்காமல் ஊர் திரும்ப மனசு வராது. என் ஆய்வு நெறியாளரான சாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்: "நம்ம பிள்ள கூட்டிட்டுப் போவா." முப்பது தாண்டிய பிள்ளை நான்.

அன்றைக்கு என் மேசையில் ஒரு தட்டில் மெம்பிரேன், புரதத்தைப் பதித்து எடுக்கும் மெல்லிய தாள், ஊறிக்கொண்டிருந்தது. மதுரையில் ஒரு லேபில் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கி வளர்த்த செல்களின் புரதம் அதில் இருந்தது. அதுதான் கடைசி. செல்லின் மேல் நிற்கும் ஏற்பி, வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி. வெளியிலிருந்து சேதி வந்து தொட்டால் அதில் பாஸ்பேட் ஒட்டும். அப்படி பாஸ்பேட் ஒட்டிய ஏற்பியை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி, குப்பியின் அடியில் ஒரே ஒரு தடவைக்கு மிச்சமிருந்தது. அது பிடித்த இடம் மட்டும் படத்தில் கருப்புக் கோடாக விழும். இந்த ஒரு படம் சரியாக விழுந்தால் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிடலாம்.

"நான் வந்து பண்ணிக்கிடுதேன் சார், யாரும் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பேரருவியில் விருந்தாளியின் மனைவி போதாது போதாது என்று மறுபடி மறுபடி போய்க் குளித்தார். அவருடைய சங்கிலியையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அப்புறம் பஜ்ஜி. அப்புறம் பார்டர் கடையில் பரோட்டா.

திரும்பி வந்தால் தட்டு வெள்ளையாக இருந்தது.

"நீ வர லேட்டாவும்னு நானே போட்டு வச்சிட்டேம்மா" என்றார் சார், உதவி செய்த முகத்தோடு. "பால்பவுடர்ல ஊறவச்சு, குப்பில கெடந்ததையும் மொத்தமா ஊத்திட்டேன்."

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க மெம்பிரேனை முதலில் ஏதாவது புரதத்தில் ஊறவைப்பது வழக்கம். மற்றதற்கெல்லாம் பால்பவுடர் போதும். இதற்கு ஆகாது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்திலேயே பாஸ்பேட் உண்டு, ஆன்டிபாடி அதையும் போய்ப் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே பாஸ்பேட் இல்லாத ஆல்புமின் புரதத்தைக் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன்.

"இதுக்குப் பால் ஆகாதுன்னு முன்னாலயே சொன்னேம்லா சார்?"

"நாங்க அந்தக் காலத்துல இருந்து பால்லதான் பண்ணுதோம். ஒண்ணும் ஆவாது. போய்த் தலையத் துவட்டு."

நான் குளிக்கவே இல்லை. சாரலில் நனைந்த தலை அது.

மறுநாள் படம் எடுத்தால் மெம்பிரேன் முழுக்கக் கருப்பு. ஏற்பி எது, பால் எது, ஒரு எழவும் தெரியவில்லை. சார் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒன் சாம்பிள்தான் சரியில்லம்மா" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தோடு விட்டாரா? "நாளைக்கு இன்னொருத்தர் குடும்பத்தோட வாராரு. ஐந்தருவி பாக்கணுமாம்."

பால்பவுடர் டப்பாவை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். "நான் செல் வளக்க மதுரைக்குப் போறேன் சார். வாறவங்களுக்கு இதுல டீ போட்டுக் குடுங்க."

மதுரையில் மறுபடி இடம் கிடைப்பதற்குள் அடுத்த சீசன் வந்துவிட்டது.