நூல் தொட்ட இடம்

என் சித்தி செருப்புகளைப் படம் எடுப்பவள். போனில் பார்த்துச் சாமான் வாங்குகிறார்களே, அவர்களுக்காக. ஒரு கிடங்கின் மூலையில், வெள்ளைத் தாள் விரித்த மேஜையில் செருப்பு, ஷூ, பூட்டு, டிபன் பாக்ஸ் என்று வருவதையெல்லாம் நிற்க வைத்து எடுப்பாள். செருப்பு கண்ணை மூடாது. 'இதுல குண்டா தெரியறேன், இன்னொன்னு எடுங்க' என்று சொல்லாது. அந்த வகையில் நல்ல வேலைதான். ஆனால் காலையிலிருந்து நின்றே பார்க்க வேண்டிய வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள்.

"என்ன சித்தி தெரியுது சுவத்துல?"

"செருப்பு."

அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறாள். ஏன் என்று கேட்டால் அம்மா உடனே குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள், அடுப்பில் குக்கரே இல்லாவிட்டாலும்.

அவள் லென்ஸில் ஒரு வளையம் உண்டு. திருப்பினால் உள்ளே இருக்கும் துளை சுருங்கும், விரியும். சுருக்கினால் ஷூவின் மூக்கிலிருந்து குதிகால் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆனால் வெளிச்சம் எக்கச்சக்கமாக வேண்டும். விரித்தால் ஒரே ஒரு இடம் மட்டும் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் கலங்கிவிடும். சித்தி எப்போதும் துளையைக் கடைசி வரைக்கும் சுருக்கித்தான் எடுப்பாள். அதனால் தலைக்கு மேல் விளக்குகள் கொதிக்கும். வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடி தொட்டால் சுடும்.

புதிதாக வந்த மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாமே தெளிவா இருந்தா எதைப் பாக்கறது? முன்னாடி பளிச்சுனு, பின்னாடி மங்கலா வேணும். திங்கக்கிழமை சாம்பிள் காட்டுங்க. சரியா வரலைன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பேக்கிங் என்றால் நாள் முழுக்கப் பெட்டி தூக்குவது. சித்தியின் இடுப்புக்கு ஒரு தண்ணீர்க் குடமே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தம்பியின் பொம்மை, என் ஷூ, ஒரு டம்ளர் மூன்றையும் சாய்வாக வரிசையில் வைத்தாள். துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து ஒவ்வொரு படமாக எடுத்தாள். நடுவில் முகம் கழுவப் போனாள். பொம்மை முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தது. என் கையில் பேனா இருந்தது. என்ன செய்வது, மீசை போட்டேன். லேசுப்பட்ட மீசை இல்லை, காது வரைக்கும் முறுக்கியது.

வந்தாள். பொம்மையின் முகத்துக்குத்தான் குறிவைத்து எடுத்தாள். கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையை உற்றுப் பார்த்தாள். திட்டு வரும் என்று நான் ஓடத் தயாராக நின்றேன்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். பின்னால் இருந்த டம்ளர்தான் தெளிவாகப் பளபளத்தது. பொம்மை முகம் கரைந்து போயிருந்தது. மீசை, யாரோ கரியைத் தடவின மாதிரி.

"பொம்மையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே சித்தி?"

"பொம்மைக்கு என்ன? பொம்மை மாதிரிதான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் பாக்கெட்டில் தேதி பார்க்க, கையைக் குழல் மாதிரி மடக்கி, ஊசித் துளை அளவு இடுக்கு வழியாகப் பார்ப்பாள். 'கப்பல் தெரியுதா கேப்டன்?' என்று நான் கேலி பண்ணுவேன். கேமராவிலும் அவள் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். துளையைச் சுருக்கிவிட்டால், குறி கொஞ்சம் தப்பினாலும் யாருக்கும் தெரியாது.

"எத்தனை நாளா சித்தி?"

"என்னது?"

"கண்ணு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கத்தாதடி குரங்கே. உங்கம்மா காதுல விழப்போகுது. தள்ளி நின்னா திரை தெரியுது, கை எட்டல. கை எட்டினா திரை தெரியல."

"கண்ணாடி போட்டுக்க வேண்டியதுதான?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டுக்கிட்டுதான் வந்தாரு. அடுத்த வாரமே பேக்கிங். சாம்பிள் காட்டற அன்னிக்கே நானும் போட்டுட்டுப் போய் நிக்கட்டுமா?"

சித்தி எழுந்துபோய் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் கொண்டுவந்தாள். ஒரு முனையை லென்ஸின் கழுத்தில் கட்டினாள். குறியை மாற்றக் கையால் திருப்பும் இன்னொரு வளையம் நகராமல் டேப் ஒட்டினாள். இனிமேல் குறி பார்ப்பது கண் இல்லை. தெளிவு விழும் தூரத்தில் நூலில் ஒரு முடிச்சு. நூலை இழுத்துப் பிடித்து, ஷூவின் எந்த இடம் தெரிய வேண்டுமோ அந்த இடம் முடிச்சைத் தொடும் வரை நகர்த்தினால் போதும்.

ஆனால் அந்த முதல் முடிச்சை எங்கே போடுவது? அதை யாராவது திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தது நான். போன மாசம்தான் 'உனக்கு இன்னிக்கு லீவு' என்று அவளை நம்பவைத்துத் தூங்கவிட்டவள்.

"நாடா தெளிவா இருக்கா?"

"இல்ல."

ஷூவை ஒரு விரல் அளவு நகர்த்தினாள். "இப்ப?"

"இல்ல."

"விளையாடறியா?"

"சத்தியமா இல்ல சித்தி."

உண்மை சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குப் பழக்கமில்லை. அவள் என்னையே பார்த்தாள். கிட்டத்தில் நின்றதால் அதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. மறுபடி நகர்த்தினாள். மறுபடி 'இல்ல'. அவளுக்கு இடுப்பு வலித்தது, எனக்குப் பசித்தது. ஒரு 'ஆமா' சொன்னால் இரண்டு பேருக்கும் விடுதலை. சொல்லவில்லை. கடைசியில் நாடாவின் ஒவ்வொரு இழையும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது.

"இப்ப இருக்கு சித்தி."

அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. முடிச்சைப் போட்டாள்.

திங்கள் சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"பிடிச்சிருக்காம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

"பழைய படமெல்லாம் தூக்கிட்டு, அத்தனையையும் இதே மாதிரி திரும்ப எடுக்கணுமாம்." இருமினாள். "நூலு எதுக்குன்னு கேட்டாரு. லென்ஸ் மூடி தொலையாம இருக்கன்னேன்."

"பொய் சொன்னியா!"

"வீட்ல வாத்தியார் இருக்கும்போது என்ன கவலை?"

தலையணைக்குப் பக்கத்திலிருந்த இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்தாள். கையைக் குழலாக மடக்கவில்லை. அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"எவ்வளவுன்னு பாரு."

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்னு போட்டிருக்கு சித்தி."

"பரவால்ல, தொண்டைல முடி முளைக்கட்டும். எவ்வளவு?"

"ரெண்டு ஸ்பூன்."

ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தாள். செருப்பை நான்தான் கழற்றினேன்.