தேங்காயெண்ணெய் குடித்த பை

எனக்குப் பயம் அதிகம். பல்லியென்றால் பயம், கேஸ் சிலிண்டரென்றால் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். எல்லாவற்றையும்விட, அடுத்தவர் வீட்டுப் பழைய தோல் பையை மேசைமேல் வைத்து முதல் தையலை அறுக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் பெரிய பயம். இத்தனை வருஷமாக இதே வேலையைச் செய்தும் அது போகவில்லை. "அத்தனை பயமா இருந்தா உட்டுப்போட்டு வேற வேலை பாரு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, சொல்லிவிடுவார். கணபதி பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு இரும்பு கெட்டுப்போனால் இன்னொரு இரும்பை மாட்டிக்கொள்வார். மாடிக்கு என்னிடம் வருகிற பைகளுக்கு இன்னொன்று கிடையாது.

பழைய தோலைத் துடைத்து, இற்றுப்போன உள்துணியைப் பிரித்தெடுத்து, அதே ஊசித்துளைகளில் கையாலேயே புதுத்துணி தைத்துக் கொடுப்பது என் வேலை. மெஷினில் விட்டால் பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத்துளை விழும். அப்புறம் தபால்தலையின் ஓரம் மாதிரி வரிசையாகக் கிழிந்து வந்துவிடும். பிரித்த பழைய துணியையும் எறிய மாட்டேன். ஒரு காகிதக் கவரில் போட்டுப் பையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். வேண்டாமென்றால் அவர்களே எறிந்துகொள்ளட்டும், எனக்கெதற்கு அந்த வம்பு.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் காங்கேயத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆறடி ஆள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முறுக்கிவிட்ட மீசை. படியேறி வந்த சத்தத்திலேயே யாரோ சண்டைக்கு வருகிறார்கள் என்று எனக்குத் திக்கென்றது.

"ஏனுங் அம்மிணி, பழைய பையெல்லாம் செரி பண்றது இங்கதானுங்களா?"

"ஆமாங்ணா. உள்ள வாங்க."

கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அவர் துண்டைப் பிரித்ததும் மாடி முழுக்க ஒரு வாடை எழுந்தது. தேங்காயெண்ணெய் சிக்கு ஏறிக் கெட்டுப்போனால் வருமே, அந்த வாடை. உள்ளே இருந்தது பெண்கள் தோளில் மாட்டும் தோல் பை. ஒருகாலத்தில் தேன் நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது புளி போலக் கறுத்து, தொட்டால் விரல் உள்ளே போகிற அளவுக்குத் தொளதொளத்துக் கிடந்தது.

"என்னங்ணா பண்ணுனீங்க இதை?"

"என்ற ஊட்டுக்காரியோடதுங். டீச்சரா இருந்தா. மொதல் மொதல்ல வேலைக்குச் சேந்தப்ப வாங்குனது. போன வருஷம் தவறிப்போயிட்டா." அவர் பையைப் பார்த்தபடியே சொன்னார். "காஞ்சு வெடிச்சிருமோன்னு பயமா இருந்துச்சுங். தினமும் பொழுதோட எண்ணெய் தடவுனேன். நம்ம மில்லு எண்ணெய்தானுங், துளி கலப்படங் கெடையாது."

எண்ணெய் மில் வைத்திருக்கிற காங்கேயத்துக்காரரிடம் என்ன சொல்வது? தலைவலித்தாலும் தேங்காயெண்ணெய், கதவு கிறீச்சிட்டாலும் தேங்காயெண்ணெய், மாட்டுக்குக் கொம்பு சிராய்ந்தாலும் தேங்காயெண்ணெய். அவர்களுக்கு அதைவிட நல்ல பொருள் உலகத்தில் கிடையாது. தோலுக்கோ 'போதும்' என்று சொல்லத் தெரியாது. ஊற்ற ஊற்றக் குடிக்கும். குடித்துக் குடித்து நார் விட்டுப்போய், நூலும் அழுகி, கடைசியில் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். நான் அதைச் சொன்னபோது அந்தப் பெரிய மனிதரின் முகம் சுண்டிப்போனது.

"எப்படியாச்சும் செரி பண்ணிக் குடுத்துருங் அம்மிணி. என்ற புள்ள வாரா. அவங்கம்மா வருஷத் திதிக்கு."

பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார். மனைவிக்கு முடியாமல் போனபோது ஒரே மகள் டெல்லியில் ஏதோ பெரிய பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சொன்னால் பயந்துவிடுவாள், பரீட்சையும் கெட்டுவிடும் என்று அவர் மறைத்துவிட்டார். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அன்னைக்கிருந்து என்னைய அப்பான்னு கூப்புடறதில்லீங். போன் பண்ணுனா 'ம்', 'செரி', அத்தோட வெச்சுருவா. இந்தப் பை ஒண்ணைத்தான் கேட்டிருக்கா. 'அதைய யாரும் தொடக்கூடாது, நான் வந்து எடுத்துக்கறேன்'னு சொல்லிப்போட்டா. இந்தக் கோலத்துல பாத்தான்னா..." அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "அப்பறம் எனக்குப் புள்ளையே இல்லீங்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போனதும், ஐயோ, இதை ஏன் வாங்கினோம் என்று எனக்குக் கை கால் ஓடவில்லை.

பையை வெள்ளைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து, மேலும் கீழும் சோள மாவைக் கொட்டி மூடினேன். மாவு எண்ணெயை இழுக்கும். மறுநாள் பார்த்தால் மாவெல்லாம் ஈரப் புட்டு மாதிரி உருண்டிருந்தது. தட்டிவிட்டு வேறு மாவு போட்டேன். இப்படியே போனது. எண்ணெய் குறையக் குறைய எனக்குப் பயம் கூடியது. அதுவரை எண்ணெயின் பிசுபிசுப்புதான் அந்தத் தோலைப் பிடித்து வைத்திருந்ததோ என்னவோ, வற்றிய இடமெல்லாம் பிய்த்துப்போட்ட வடை மாதிரி பொரபொரத்தது. நடுநடுவே அவர் போன் வேறு.

"ஏனுங் அம்மிணி, நல்லாருக்குதுங்களா?"

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆளைக் கேட்பது போலத்தான் கேட்பார். "இருக்குதுங்ணா" என்பேன். எனக்கே நம்பிக்கை கிடையாது. போன் அடித்தாலே எடுக்கத் தயங்க ஆரம்பித்துவிட்டேன்.

உள்துணியைப் பிரித்தேன். கோடு போட்ட பருத்தித் துணி, ஒரு மூலையில் சிவப்பு மை கொட்டிய கறை, சாக்பீஸ் தூள் எண்ணெயில் ஊறிக் களியாக அப்பியிருந்தது. அதைக் கவரில் போட்டு எடுத்து வைத்தேன். புதுத்துணி வெட்டி, மெழுகு நூலில் ஊசி கோத்து உட்கார்ந்தேன். ஒரு தையல் போடுவது, மூச்சை விடுவது, அடுத்த தையல் போடுவது. கீழே லேத் ஓடினால் என் மேசை லேசாக அதிரும். ஓடிப்போய், "செத்த நேரம் அதைய நிறுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் உடனே நிறுத்தினார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

நிறுத்தியும் என்ன பிரயோஜனம்? தோள்வார் பையோடு சேருகிற இடத்தில் நூலை இழுத்தபோது 'சொத்' என்று ஒரு சின்னச் சத்தம். துளையெல்லாம் ஒன்றாகிச் சுண்டுவிரல் நீளத்துக்குத் தோல் வாயைப் பிளந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத அவருடைய மகள் கதவைத் திறந்து உள்ளே வந்து நிற்பது போலவே இருந்தது.

மறுநாள் அவரை வரச்சொல்லிக் காட்டினேன். அதற்குள் கிழிந்த இடத்துக்கு உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோலை வைத்து ஒட்டித் தைத்திருந்தேன். வெளியே தழும்பு தெரிந்தது.

"தெரியாம மறைச்சுக் குடுத்துருங் அம்மிணி."

"மறைச்சிரலாங்ணா. கலர் குடுத்து மெழுகு தேச்சா தெரியாது. ஆனா கனம் தாங்காது. அந்தப் புள்ள விசயந் தெரியாம லேப்டாப்பை வெச்சுத் தோள்ல மாட்டுச்சுன்னா, நடு ரோட்டுல பிச்சுக்கும். அப்ப என்ன சொல்லுவீங்க?"

"எலி கடிச்சிருக்கும்னு சொல்லிக்கலாங்."

எனக்குப் பயத்தோடு கோபமும் வந்துவிட்டது. "பயந்துக்கும்னு ஒருக்கா மறைச்சீங்க. அதுல என்ன ஆச்சுன்னு பாத்தாச்சு. மறுக்காவும் மறைக்கறேன்னா எப்படிங்ணா?"

சொன்ன பிறகுதான் என்ன பேசினேன் என்று உறைத்தது. யார் வீட்டு மனிதர், எத்தனை வயசு, நான் யார் அவரைக் கேட்க? அவர் கத்தப்போகிறார் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீங்க மறைச்சுப்போடுங். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பை, அவர் சொன்னபடிதான் செய்ய முடியும். தழும்பு தெரியாமல் மெழுகு தேய்த்து முடித்தேன். வாடையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெயில் படாத காற்றில் தொங்கவிட்டேன், கரித்துண்டு போட்டு மூடி வைத்தேன். குறைந்ததே தவிரப் போகவில்லை.

திதிக்கு முந்தின நாள் அவரும் மகளும் வந்தார்கள். அவள் ரயிலிறங்கி நேராக வந்திருந்தாள். ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடி. "வணக்கங்க்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. உள்துணி மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறார் போல.

நான் பையை எடுத்து மேசைமேல் வைத்தேன். கைகளை உடனே பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் பையைத் திருப்பினாள், வாரைத் தடவினாள். தழும்பு இருந்த இடத்தை விரல் தாண்டிப்போனது. பிறகு மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள். அப்படியே நின்றாள்.

"அம்மா வாசமே இல்ல" என்றாள். "எண்ணெய் வாசம் அடிக்குது. யாரு என்ன பண்ணுனது?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். எலி என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம், சொல்லாமல் போனால் என்ன நடக்குமோ என்று இன்னொரு பயம். அவருடைய மீசை துடித்தது.

"நாந்தான் கண்ணு" என்றார். "தினமும் எண்ணெய் தடவித் தடவிக் கெடுத்துப்போட்டேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு இந்த அம்மிணிகிட்டக் கொண்டாந்தேன். வாருகிட்டக் கிழிஞ்சுபோச்சு. அதையுந் தெரியாம மறைக்கச் சொன்னது நாந்தான்."

அவள் பையை மேசைமேல் வைத்தாள். கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. மெதுவாகக் கேட்டாள், "இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?"

கேட்பதற்காகக் கேட்ட கேள்விதான். பதில் இருக்கும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள், நானும் நினைக்கவில்லை. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா உன்னையக் கேட்டா சாமி. கடைசி ரெண்டு மூணு நாளும் கேட்டுக்கிட்டே இருந்தா. 'பாப்பாவுக்குச் சொல்லிப்போட்டீங்களா, எப்ப வாரா'ன்னு. நான், 'சொல்லிப்போட்டேன், கெளம்பி வந்துட்டிருக்கா'ன்னு அவகிட்டயும் பொய் சொல்லிப்போட்டேன்."

எனக்குப் பகீரென்றது. இதைப் போய் இப்போதா சொல்வது, என் மாடியில் வைத்தா? அந்தப் பெண் விழுந்துவிடப் போகிறாள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். பழைய துணி இருந்த கவரை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மடியில் வைத்தேன். அவள் அதைப் பிரித்து, சிவப்பு மைக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அம்மா... அம்மாவுக்கு நான் வரமாட்டேன்னு நெனப்பு இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. நீ வந்துட்டிருக்கீன்னுதான் நெனச்சா. வாசலையே பாத்துட்டுக் கெடந்தா."

அவள் கவரை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவரும் நின்ற இடத்திலேயே நின்று, தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அடுப்படிக்குள் போய், டீ போடாமல், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். அவள் எழுந்து தனியாகப் போய்விட்டால் அந்த மனிதர் காங்கேயம் வரை எப்படிப் போய்ச் சேருவார் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அக்கா, இதை எப்படி எடுத்துட்டுப் போறது?"

"வாரைப் புடிச்சுத் தூக்கவே கூடாது கண்ணு. அடியில ரெண்டு கையுங் குடுத்துத் தூக்கோணும். உள்ள கனமா எதையும் வெச்சுராதே."

அவள் பையை எடுத்தாள். இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார். அவள் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் வாங்கிக்கொண்டார். பழைய துணிக் கவரை அவள் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல், கைப்பிடி கிடையாது. அவர் இரண்டு கையிலும் பையை ஏந்திக்கொண்டு, காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்க ஆரம்பித்தார். மேலே நின்ற எனக்கு உயிரே இல்லை. திருப்பத்தில் அவர் செருப்பு வழுக்கியது. பின்னால் போன அவள் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"பாத்துங்ப்பா" என்றாள்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த படியில் கால் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் கையை எடுக்கவில்லை.