மேஸ்திரி சொன்னபடி

அறுபதுகளில் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எழுத்தராக இருந்தேன். பள்ளியில் இலக்கணத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு எனக்கு உண்டு.

ஒரு நாள் வெடிமருந்து காயவைத்திருந்த களத்தில் தீப்பிடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அங்கே வேலை பார்த்த சீனியம்மாளை விசாரித்து எழுதிவரச் சொன்னார் முதலாளி. அவள் அழுதபடி சொன்னதைத் திருத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தேன்: "மேஸ்திரி சொன்னபடி நான் மருந்தை அள்ளவில்லை."

முதலாளி படித்தார். "அவர் சொன்ன மாதிரி அள்ளலைன்னா, தன் இஷ்டத்துக்கு அள்ளியிருக்கா. இனிமே வேலைக்கு வர வேண்டாம்னு அவகிட்ட சொல்லிடுப்பா."

போய்ச் சொன்னேன். சீனியம்மாள் திகைத்துப்போனாள்.

"வெயில்ல காஞ்ச சூடு ஆறாம அள்ளாதேன்னு மேஸ்திரி சொன்னாக. அவுக சொன்னபடி நான் அள்ளலை. கையே வைக்கலைய்யா! நீங்க என்னத்த எழுதுனீக?"

"நீ சொன்னதைத்தாம்மா எழுதுனேன்."

முதலாளி திருப்பித் தந்திருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் ஒருமுறை படித்தால் அவள் குற்றவாளி. மறுமுறை படித்தால் நிரபராதி. 'சொன்னபடி' என்பது அள்ளியதோடு சேருமா, அள்ளாததோடு சேருமா?

முதலாளியிடம் ஓடி, "தப்பு என்னுடையது" என்று சொல்லி, அதை இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதினேன்: "அள்ளாதே என்று மேஸ்திரி சொன்னார். நான் அள்ளவில்லை." மேஸ்திரியும் ஆமாம் என்றார். மறுநாள் சீனியம்மாள் வேலைக்கு வந்தாள்.

அன்று அந்த வாக்கியத்தை எந்தப் பொருளில் எழுதினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இன்றுவரை எனக்கே தெரியவில்லை.