விசில் பாஸ்டரும் எட்டாம் அதிகாரமும்

என் தங்கையைக் கட்டிக்கொண்டவர் பாஸ்டர் ஆவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் குக்கர் விற்றவர். கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கிண்டலுக்காகவும்தான். வேண்டாமென்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களையே பத்து நிமிஷத்தில் இரண்டு குக்கர் வாங்க வைத்த வாய் அது. அந்த வாய் பிரசங்க மேடை ஏறினால் சும்மா இருக்குமா? ஒவ்வொரு பிரசங்கத்திலும் மூன்று குறிப்புகள் இருக்கும். ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் குரலை உச்சிக்குக் கொண்டுபோய் அந்தரத்தில் நிறுத்துவார். மூன்றாவது விசில் வந்ததும் ஆண்கள் வண்டிச் சாவியைத் தேடுவார்கள், பெண்கள் கைப்பையைத் தேடுவார்கள். விசில் பாஸ்டர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. வைத்தது நான்தான், என் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன அச்சகம். மாப்பிள்ளை சனிக்கிழமை சாயங்காலம் வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, வேதாகமத்தின் கடைசியில் இருக்கும் சொல் அட்டவணையை விரிப்பார். நாளைக்கு 'சந்தோஷம்' என்றால், சந்தோஷம் என்ற சொல் வருகிற மூன்று வசனங்கள். அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார் என்றெல்லாம் பார்க்கிற வழக்கமே கிடையாது. டீ ஆறுவதற்குள் பிரசங்கம் ரெடி.

"இந்தப் புஸ்தகத்த ஒரு தடவையாவது முழுசா படிச்சிருக்கீங்களா மாப்பிள்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குக்கரோட குடுக்கிற சின்ன புஸ்தகத்த நான் முழுசா படிச்சேனா மச்சான்? ஆனா வித்தேனா இல்லையா?" என்றார்.

வருஷத்தின் முதல் ஞாயிறு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபை வழக்கம். அதிலிருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குக் கொடுக்கும் வாக்கு. முந்நூறு அட்டை. வசனங்களைப் பழைய நாட்காட்டிகளிலிருந்து அவர் பொறுக்குவார், பின்னால் சூரியன் உதிக்கிற படம் போட்டு நான் அடிப்பேன். அதில் ஒரு வசனத்துக்கு ஏக கிராக்கி. உன் தொடக்கம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உன் முடிவு பெரிதாக இருக்கும் என்று வரும். பிள்ளைகள், ஆடுமாடு, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கதையில், எட்டாம் அதிகாரத்தில் இருப்பது. புதுக் கடை திறந்தாலும் அதுதான், பரீட்சைக்குப் போனாலும் அதுதான். அந்த ஒரு வசனத்தை மட்டும் நானே ஆயிரக்கணக்கில் அடித்திருப்பேன்.

சபைக்குப் பின் தெருவில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். வீட்டு முன்னறைதான் கடை. கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் ஒரு மாதம் ஊரில் இருப்பார். ஒரே பையன், பதினோரு வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்து கணவரும் கப்பலுக்குத் திரும்பிய பிறகு, மாப்பிள்ளை என்னிடம் அந்த அட்டையைப் பெரிதாக அடிக்கச் சொல்லி, கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனசோடுதான் போனார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அம்மா அதைத் தையல் மெஷினுக்கு எதிரே மாட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், கையில் வேதாகமத்தோடு அந்த அம்மா என் தங்கை வீட்டுக்கு வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"பாஸ்டர், இது யாரு சொன்னது?"

"எதும்மா?"

"நீங்க குடுத்தீங்களே, அந்த வசனம்."

மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேற யாரு? கடவுள்தாம்மா சொன்னார்."

"அப்ப அதுக்கு மூணு வரி மேல இருக்கிறதும் அவர் சொன்னதுதானே?" என்று கேட்டு, புத்தகத்தை அவர் முன்னால் வைத்து விரலால் காட்டினார். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் செத்தார்கள் என்கிற மாதிரி ஒரு வரி அங்கே இருந்தது.

மாப்பிள்ளை அந்த வரியைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அந்த வாய், அத்தனை குக்கர் விற்ற வாய், திறந்தது, அப்படியே நின்றது. அந்த அம்மா புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் இவர் போனபோது கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "இன்னொரு அட்டை கொண்டு வந்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்றைக்கு மாப்பிள்ளைமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடித்துக் கொடுத்த பாவி நானும்தான் என்பதால் என்மேலும் வந்தது.

அவர் அந்தச் சாம்பல்காரர் கதையை முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை படித்தார். மூன்று நாள் வேறு வேலையே இல்லை. நாலாம் நாள் அச்சகத்துக்கு வந்தார், சவரம்கூடச் செய்யவில்லை.

"மச்சான், அதக் கடவுள் சொல்லல. ஆறுதல் சொல்றேன்னு வந்த மூணு கூட்டாளிங்கள்ல ஒருத்தன் சொன்னது. கடைசி அதிகாரத்துல கடவுளே அவனுங்களப் புடிச்சு வாங்குவாங்குன்னு வாங்குறார், என்னப் பத்தி நீங்க சரியாப் பேசலன்னு. அவரே திட்டின ஆளோட பேச்ச, அவர் கையெழுத்துப் போட்டு இருபத்திரண்டு வருஷமா நான் வித்திருக்கேன்."

"உடனே போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"சொன்னா இன்னொரு கேள்வி கேப்பாங்க. அப்பவும் பேந்தப் பேந்த முழிக்கவா?"

அரை மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு இறையியல் கல்லூரி இருக்கிறது. பத்து வருஷமாக அவரைக் கூப்பிட்டார்கள், மேடையில் நிற்கிறவனுக்குப் பெஞ்சில் என்ன வேலை என்று தட்டிக்கழித்தவர். இப்போது தானே போனார். பாடம் எடுத்த பெண்ணுக்கு இவர் வயதில் பாதி இருக்கும். அந்தக் கதையைப் பற்றி இவர் எழுதிக்கொண்டு போன நான்கு பக்கத்தையும் வாங்கிப் பார்த்து, ஓரத்தில் சிவப்பு மையால் 'யார் சொன்னது? யாரிடம்? எப்போது?' என்று பத்து இடத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்ததாம். இரண்டு வாரம் அந்த ஒரே கதையை வைத்துக்கொண்டு மாரடித்தார். வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் மூஞ்சியக்கூட இவ்வளவு உத்துப் பாத்ததில்லண்ணே" என்று தங்கை என்னிடம் புலம்பினாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை வெறுங்கையோடு தையல் கடைக்குப் போனார். வெறுங்கை என்றால், வேதாகமம் மட்டும். துணைக்கு நானும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது, மெஷின் மூடிக் கிடந்தது.

"நான் படிக்காம சொன்னேம்மா. அது கடவுள் சொன்னதில்ல. அந்த ஆள் சொன்னது தப்புன்னு கடவுளே சொல்லியிருக்கார்" என்றார். விசிலே இல்லை.

"அப்ப எம்புள்ள ஏன் போனான்?"

"தெரியலம்மா. எல்லாத்தையும் படிச்சிட்டேன். அந்த மனுஷனுக்கே கடைசிவரைக்கும் காரணம் சொல்லல."

தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. இவராக ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அந்த மூன்று கூட்டாளிகளும் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான், முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது என்று பிற்பாடு எனக்கு விளக்கினார். அடுத்தடுத்த நாளும் போனார். பேசாமல் உட்கார்ந்து, அரைகுறையாக நின்றுபோயிருந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். அத்தனையும் கோணல். அந்த அம்மா பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தார். மூன்று வாரமாகத் தொடாத ஊசியை அப்படித்தான் தொட்டார்.

நாலாம் நாள் நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா தானாகவே வாயைத் திறந்தார். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், வாடிக்கைக்காரர் கொடுத்திருந்த சிவப்புத் துணியை ஒரு முழம் வெட்டிப் பட்டத்துக்கு வால் கட்டிவிட்டானாம் பையன். கேட்டதற்குத் தெரியாது என்று பொய் சொன்னானாம். இது பாவம்டா என்று சொல்லி ஓங்கி ஒரு அறை விட்டாராம்.

"அடுத்த நாள் படுத்துட்டான் பாஸ்டர். அந்த வரியப் படிச்சதும் இதுதான்னு தோணிச்சு."

மாப்பிள்ளை கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"பட்டத்துக்கு வால் கட்டினதுக்காக ஒரு புள்ளைய எடுக்கிற கடவுளா இருந்தா, எனக்கு இந்த வேலையே வேணாம்மா. நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு மறுபடியும் குக்கர் விக்கப் போயிடுவேன்."

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "இது நீங்களா சொல்றதா, இல்ல அதுல இருக்கா?"

ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல் அட்டவணையில் தேடியிருப்பார். இப்போது தடுமாறவில்லை. கடைசி அதிகாரத்தைத் திறந்து, கடவுள் கூட்டாளிகளைத் திட்டுகிற இடத்தைக் காட்டினார். பிறகு எட்டாம் அதிகாரத்துக்கு வந்து, யார் பேச ஆரம்பிக்கிறான் என்ற முதல் வரியைக் காட்டினார். அந்த அம்மா இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று தடவை படித்தார். பிறகு அழுதார். மேஜையில் தலையைக் கவிழ்த்து, சத்தம் போட்டு அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார். "இதச் சபையில சொல்லுங்க. எல்லார் வீட்டுலயும் அது தொங்குது."

ஞாயிற்றுக்கிழமை சொன்னார். முந்நூறு பேருக்கு முன்னால், இருபத்திரண்டு வருஷமாகப் படிக்காமல் பேசினேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கதையை முதலிலிருந்து வாசித்து விளக்கினார். மூன்று குறிப்பு கிடையாது. எப்போது சாவியைத் தேடுவதென்று ஆண்களுக்குப் புரியவில்லை. அன்றோடு பதினைந்து குடும்பம் வேறு சபைக்குப் போனது, அங்கே நல்ல விசில் இருக்கிறதாம். மாப்பிள்ளை கல்லூரியில் மூன்று வருஷம் படித்து முடித்தார். முதல் பரீட்சையில் கோட்டை விட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களைத் தவிர. இப்போது ஒரு பிரசங்கத்துக்கு அவருக்கு ஒரு வாரம் போதவில்லை. அட்டைகளை நான் அடிப்பதில்லை.

போன மாதம் ஒரு சட்டை அளவு கொடுக்கத் தையல் கடைக்குப் போயிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மாப்பிள்ளை சட்டம் போட்டுக் கொடுத்த கண்ணாடி அதே ஆணியில் தொங்கியது. என் அட்டையைக் காணோம். உள்ளே ஒரு முழம் சிவப்புத் துணி இருந்தது.